விசிறியை மாற்றுவதற்கு முன்: சிறு படகில் ப்ரொப்பெல்லர் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

பாம்பனில் வடகடலுக்கும் தென்கடலுக்கும் போகிற ஃபைபர் படகுகளின் அவுட்போர்டு எஞ்சின்களை, அதாவது படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்களை, பழுது பார்ப்பது என் வேலை. கடையில் நான் அதிகம் கேட்ட வாசகம் இதுதான்: "அண்ணே, விசிறி சரியில்ல, வேற போடணும்." அப்படிக் கொண்டுவந்த ப்ரொப்பெல்லர்களில் பலவற்றில் ஒரு குறையும் இருந்ததில்லை. எஞ்சின் ஓர் அங்குலம் உயரமாக மாட்டப்பட்டிருக்கும். அல்லது தளத்துக்கு அடியில் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். சில சமயம் அச்சில் நைலான் நரம்பு சுற்றியிருக்கும். புது விசிறி வாங்கிய காசு போன பிறகும் கோளாறு அப்படியே இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு அது எத்தனை நாள் உழைப்பு என்று எனக்குத் தெரியும். அதனால்தான் காசு செலவாகாத சோதனைகளை முதலிலும் செலவு பிடிப்பவற்றைக் கடைசியிலும் வைத்து இதை எழுதுகிறேன்.

இது 9.9 முதல் 40 குதிரைத்திறன் வரை, கைப்பிடி பிடித்து ஓட்டும் அவுட்போர்டு எஞ்சின்களுக்கானது. நீண்ட அச்சின் முனையில் விசிறி உள்ள நீள்வால் டீசல் எஞ்சினுக்கு உயரக் கணக்கும் சாய்வுக் கணக்கும் வேறு. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

## தொடுவதற்கு முன்

எஞ்சினை நிறுத்துங்கள். எஞ்சினை உடனே நிறுத்தும் கில் சுவிட்ச்சின் கயிற்றைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுங்கள். ஸ்பார்க் பிளக் தொப்பிகளைப் பிடுங்கி விடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். விசிறியைக் கையால் சுற்றினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளுமா என்று கேட்பவர்கள் உண்டு. கியர் விழுந்திருந்தால் பிடிக்கலாம். விரல் போன ஆட்களை இந்தக் கரையில் நான் பார்த்திருக்கிறேன். நட்டைத் திருகும்போது இறக்கைக்கும் அதன் மேலுள்ள தட்டுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையைச் செருகிக்கொண்டால் விசிறி சுற்றாது.

## எழுதி வைக்க வேண்டிய எண்கள்

கோளாறு வந்த பிறகு அளப்பதைவிட, படகு நன்றாக ஓடுகிற நாளில் அளந்து எழுதி வைப்பது பத்து மடங்கு உதவும். முழுத் திராட்டிலில் (வேகப் பிடியை முழுக்கத் திருகிய நிலையில்) நிமிடத்துக்கு எத்தனை சுற்று, செல்போன் ஜிபிஎஸ்ஸில் எத்தனை நாட் (மணிக்கு எத்தனை கடல் மைல்) வேகம், படகில் அப்போது எத்தனை ஆள், எவ்வளவு வலை, எவ்வளவு ஐஸ் என்பதைக் குறியுங்கள். காற்றோடும் நீரோட்டத்தோடும் ஒரு ஓட்டம், திரும்பி எதிர்த்து ஒரு ஓட்டம் எடுத்து இரண்டின் சராசரியை எழுதுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் ஒரு பக்கம் மட்டும் அளந்தால் அந்த எண் பொய் சொல்லும்.

சுற்று காட்டும் மீட்டர் இந்தச் சிறு எஞ்சின்களில் பெரும்பாலும் இருக்காது. பிளக் வயரின் மேல் ஒரு கம்பியைச் சுற்றினால் சுற்றைக் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் கிடைக்கிறது. ஒரு ப்ரொப்பெல்லர் விலையில் சிறு பங்குதான் ஆகும். ஊரில் நாலு படகுக்காரர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும்.

விசிறியின் நடுப்பகுதியில் 9¼ x 9 என்பது போல எண் பொறித்திருக்கும். முதல் எண் விட்டம். இரண்டாவது பிட்ச், அதாவது வழுக்காமல் ஓடினால் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்பது. இரண்டும் அங்குலக் கணக்கு. இதையும் எழுதி வையுங்கள். அப்புறம், எஞ்சின் புத்தகத்தில் முழுத் திராட்டிலுக்கு ஒரு சுற்று எல்லை போட்டிருக்கும். நம் பக்கம் ஓடும் பல இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு அது 4500 முதல் 5500. உங்கள் எஞ்சினுக்கு என்ன என்று புத்தகத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

இந்த எண்கள் கையில் இருந்தால் வழுக்கலைக் கணக்குப் போடலாம். பிட்ச்சைச் சுற்றால் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, மறுபடி 1215ஆல் வகுத்தால் வழுக்கலே இல்லாத வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். கியர் விகிதம் 2.08 உள்ள எஞ்சினில் (எஞ்சின் 2.08 சுற்று சுற்றினால் விசிறி ஒரு சுற்று) 9 பிட்ச், 5000 சுற்று என்றால் 17.8 நாட். ஜிபிஎஸ் 13.5 காட்டினால் வழுக்கல் சுமார் 24 சதவீதம். சுமை ஏற்றும் வேலைப் படகுக்கு இது மோசமில்லை. இதே படகு, இதே சுமையில் ஒருநாள் 40 சதவீதம் காட்டினால் ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள். எது மாறியது என்று தேட வேண்டியதுதான்.

## அறிகுறி 1: எஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லை

சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. இது எப்போது நடக்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

### நேற்று வரை சரியாக இருந்தது, இன்று திடீரென்று

முதலில் எஞ்சினைத் தூக்கி விசிறியைப் பாருங்கள். வடகடலில் கடற்புல் சுற்றியிருக்கும், தென்கடலில் வலைத்துண்டோ பிளாஸ்டிக் பையோ இருக்கும். ஒரு பை இறக்கையைப் போர்த்திக்கொண்டால் விசிறிக்குத் தண்ணீர் பிடிக்கவே பிடிக்காது. எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

ஒன்றும் சுற்றவில்லை என்றால் அடுத்தது ரப்பர் புஷ். விசிறியின் வெளிக்கூட்டுக்கும் அச்சில் உட்காரும் உள்குழாய்க்கும் நடுவே ரப்பர் இருக்கிறது. பாரில், அதாவது கடலடிப் பாறையில், இடித்தால் கியர் உடையாமல் இந்த ரப்பர் வழுக்கிக் கொடுக்கும். அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். ஒருமுறை வழுக்கிய ரப்பர் அப்புறம் அடிக்கடி வழுக்கும். அதன் அடையாளம் தெளிவானது: மெதுவாக ஓட்டினால் படகு ஒழுங்காகப் போகும், திராட்டிலைத் திருகினால் மட்டும் எஞ்சின் கத்தும்.

சோதனை சுலபம். விசிறியைக் கழற்றி, உள்குழாயிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளிக்கூடு வரை ஒரே நேர்கோடாகப் பெயிண்டில் கோடு போடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் மாட்டி, ஒருமுறை முழு வேகத்தில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு உடைந்து இரண்டு துண்டாக விலகியிருந்தால் ரப்பர் போய்விட்டது. கடலில் இருக்கும்போது இது நடந்தால் திராட்டிலைக் குறைத்து, கத்தாத அளவில் வைத்துக் கரைக்கு வந்துவிடலாம்.

இறக்கை நன்றாக இருந்தால் விசிறியைத் தூக்கிப் போடாதீர்கள், புஷ்ஷை மட்டும் மாற்றலாம். ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறையில் கொடுங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றிய புஷ் கோணலாக உட்காரும். அப்புறம் நடுக்கம் வந்து இன்னொரு செலவைக் கொண்டுவரும்.

2 முதல் 5 குதிரைத்திறன் வரையிலான சில பழைய எஞ்சின்களில் ரப்பருக்குப் பதில் ஒரு சின்ன பின் இருக்கும். இடித்தால் அது அறுந்துவிடும். அறுந்த பின்னுக்குப் பதிலாக ஆணியை வெட்டிப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆணி அறுந்து கொடுக்காது, அடுத்த இடியைக் கியர் வாங்கிக்கொள்ளும். சரியான பின் இரண்டை எஞ்சின் மூடிக்குள் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

### வளைவில் திரும்பும்போது, அலை ஏறி இறங்கும்போது மட்டும்

விசிறி மேல்மட்டத்திலிருந்து காற்றை இழுக்கிறது. இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். சரிசெய்யச் செலவு இல்லாமல் இருந்தும் அதிகம் பேர் விசிறிக்காகக் காசை விடுவதும் இதில்தான்.

விசிறிக்கு நேர் மேலே, எஞ்சின் காலில், தட்டையான தட்டு ஒன்று இருக்கும். படகைக் கரையில் ஏற்றி எஞ்சினை நேராக இறக்கி வையுங்கள். நேரான ஒரு கம்பை படகின் அடியோடு ஒட்டிப் பின்னால் நீட்டிப் பிடியுங்கள். ஏரா, அதாவது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முகடு, எஞ்சின் மாட்டும் பின்பலகை வரை வந்தால் ஏராவின் அடியோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். தட்டு அந்தக் கம்புக்கு நேராகவோ அதற்குக் கீழே ஓர் அங்குலம் வரையோ இருக்கலாம். கம்புக்கு மேலே இருந்தால் காற்று இழுக்கும். இரண்டு மூன்று அங்குலம் கீழே இருந்தால் காற்றுப் பிரச்சினை வராது, ஆனால் எஞ்சின் கால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதால் வேகம் குறையும், கைப்பிடியும் கனக்கும்.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரை முழுக்க ஃபைபர் படகுகள் பெருகின. பல அச்சுகளில், பல உயரப் பின்பலகையோடு வந்த படகுகள் அவை. எஞ்சின் கால்களோ 15 அங்குலப் பின்பலகைக்கு ஒன்று, 20 அங்குலத்துக்கு ஒன்று என்று குறிப்பிட்ட நீளங்களில்தான் வருகின்றன. நீள்வால் எஞ்சினுக்காகக் கட்டிய படகில் பின்னாளில் அவுட்போர்டு மாட்டியவர்கள் இந்த உயரத்தை அளப்பதில்லை. நீங்கள் அளந்து பாருங்கள். எஞ்சின் தாழ்வாக இருந்தால் பின்பலகை மேல் மரத்துண்டு வைத்து உயர்த்தலாம். உயரமாக இருந்தால் பலகையைக் குறைக்க வேண்டும். அதை ஃபைபர் வேலை தெரிந்தவர்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் வெட்டிய இடத்தை ரெசின் போட்டு மூடாவிட்டால் உள்ளே இருக்கும் மரம் ஊறி அழுகிவிடும்.

உயரம் சரியாக இருந்தும் காற்று இழுத்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். எஞ்சினின் சாய்வை நிறுத்தி வைக்கும் டில்ட் பின் வெளியே தள்ளி இருந்தால் ஒரு துளை உள்ளே மாற்றுங்கள். ஏராவின் பின்முனை மொத்தையாகத் திடீரென்று முடிந்தால் அதன் பின்னால் நுரைத்த தண்ணீர்தான் விசிறிக்குப் போகும். அந்த முனையைச் சரிவாகத் தேய்த்துக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, யாரும் கவனிக்காத ஒன்று. புகை விசிறியின் நடு வழியாக வெளியேறும் எஞ்சின்களில், விசிறிக்கூட்டின் பின்விளிம்பு விரிந்த வளையமாக இருக்கும். அது உடைந்திருந்தால் புகை முன்னால் ஏறி இறக்கைக்கு வந்துவிடும். அப்போது மட்டும் விசிறியை மாற்றுவதுதான் வழி.

### புது விசிறி போட்ட நாளிலிருந்தே

புத்தகத்தில் உள்ள எல்லையைச் சுற்று தாண்டினால் பிட்ச் போதாது. ஓர் அங்குலம் கூட்டினால் தோராயமாக 150 முதல் 200 சுற்று இறங்கும். எல்லையைத் தாண்டி ஓட்டிக்கொண்டே இருந்தால் எஞ்சின் தாங்காது, சீக்கிரம் மாற்றுங்கள்.

## அறிகுறி 2: எஞ்சின் திணறுகிறது, சுற்று ஏறவில்லை

முழுத் திராட்டிலிலும் எல்லையின் அடிமட்டத்தைக்கூடத் தொடவில்லை. புகை கறுப்பாக வருகிறது. இப்படியே ஓட்டினால் கரி கட்டும், பிஸ்டன் சூடேறிக் கெடும். வேகக் குறைவைப் பொறுத்துக்கொள்பவர்கள்கூட இதை விட்டுவிடக் கூடாது.

முதலில் கனம். தளத்தின் மூடியைத் திறந்து உள்ளே தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். ஒரு வாளித் தண்ணீர் என்று நினைத்து இறைக்கத் தொடங்கி இருபது வாளி இறைத்த படகுகள் உண்டு. ஒரு தம்பி ஒரே வருடத்தில் மூன்று விசிறி மாற்றிவிட்டு என்னிடம் வந்தான். மிதவைக்காக வைத்த ஃபோம் தண்ணீர் குடித்து ஊறிக் கிடந்தது. அவன் படகு நாளும் அந்தக் கனத்தைச் சுமந்துகொண்டுதான் போயிருக்கிறது. படகைத் தூக்கும்போது முன்பைவிட ஆள் அதிகம் தேவைப்படுகிறது என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். ஊறிய ஃபோமைக் காய வைக்க முடியாது, தளத்தை வெட்டி எடுக்க வேண்டும். அது படகு கட்டுபவரின் வேலை.

அடுத்து அடிப்பகுதி. மணலில் இழுத்து ஏற்றும் படகுக்கு இந்தத் தொல்லை குறைவு. தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் படகில் சில வாரத்தில் பாசியும் கொட்டலசும் (ஓடுள்ள ஒட்டுயிரி) பிடித்துவிடும். விசிறி இறக்கையில் நாலு கொட்டலசு ஒட்டியிருந்தாலே சுற்று இறங்குவதை மீட்டரில் பார்க்கலாம். சுரண்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

மூன்றாவது எஞ்சின். இரண்டு சிலிண்டரில் ஒன்று சரியாக எரியவில்லை என்றாலும் இதே அறிகுறிதான். பிளக் இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று காபிப்பொடி நிறத்திலும் மற்றது கறுத்து நனைந்தும் இருந்தால் விசிறியை மறந்துவிட்டு எஞ்சினைப் பாருங்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் எஞ்சினாக இருந்தால், நன்றாகச் சூடேறும் முன்பே மாற்றியதால் வரும் திணறலும் உண்டு. மண்ணெண்ணெயில் கிடைக்கும் சுற்றைப் பெட்ரோலில் எழுதி வைத்த சுற்றோடு ஒப்பிடாதீர்கள். எதில் அளந்தீர்களோ அதிலேயே மறுபடி அளந்து பாருங்கள்.

இது மூன்றும் சரி, எஞ்சினும் நன்றாக இருக்கிறது என்றால்தான் பிட்ச் அதிகம் என்று சொல்ல முடியும். ஒரு கணக்கு பாருங்கள். 2.08 விகித எஞ்சின், 9 பிட்ச், முழுச் சுமையில் 4200 சுற்றுதான் வருகிறது, வேகம் 9 நாட். வழுக்காமல் போனால் 15 நாட் வர வேண்டும். ஆக, வழுக்கல் 40 சதவீதம். எஞ்சினும் திணறுகிறது, விசிறியும் வழுக்குகிறது. இந்தப் படகு சுமக்கும் கனத்துக்கு 9 பிட்ச் பெரிது. 7க்கு இறங்கினால் சுற்று 4500ஐத் தாண்டும். எஞ்சின் தன் பலத்தைக் காட்டும் இடத்துக்கு வந்துவிடுவதால் வேகம் குறையாது, சில படகில் கொஞ்சம் கூடவும் செய்யும். சின்ன பிட்ச் போட்டால் வேகம் போய்விடும் என்று பயப்படுபவர்கள் இதை அளந்து காட்டிய பிறகுதான் நம்புவார்கள்.

பிட்ச்சை எந்தச் சுமைக்குத் தேர்வது? வலையும் ஐஸும் ஆளும் ஏற்றி நீங்கள் வழக்கமாகப் போகும் சுமைக்கு. வெறும் படகில் சோதித்து வாங்கிய விசிறி, மீன் பட்ட நாளில் திணறும்.

மூன்று இறக்கையா, நாலு இறக்கையா என்றும் கேட்பார்கள். நாலு இறக்கை மெதுவான வேகத்திலும் கனமான சுமையிலும் தண்ணீரை நன்றாகப் பிடிக்கும், நடுக்கமும் குறைவு. உச்ச வேகம் சற்றுக் குறையும். வலை இழுக்கும் படகுக்கு நான் தயங்காமல் நாலைச் சொல்வேன். ஸ்டீல் விசிறியை இந்தக் கரைக்கு நான் சொல்வதில்லை. அது எளிதில் வளையாது, சீக்கிரம் தேயாது, உண்மைதான். ஆனால் பாரில் இடித்தால் அலுமினிய இறக்கை வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும், ஸ்டீல் அந்த அடியில் பெரும்பங்கை அச்சுக்கும் கியருக்கும் அனுப்பிவிடும்.

## அறிகுறி 3: நடுக்கம்

முதல் கேள்வி: நியூட்ரலில் திராட்டிலைக் கொஞ்சம் கூட்டினாலும் நடுங்குகிறதா? ஆம் என்றால் விசிறி காரணமில்லை. எஞ்சின் மவுண்ட் ரப்பர், பின்பலகையில் தளர்ந்த கிளாம்ப், சரியாக எரியாத சிலிண்டர் என்று பாருங்கள். கியர் போட்டு ஓடும்போது மட்டும் நடுங்கினால் கீழே வாருங்கள்.

இறக்கை விளிம்பைக் கையுறை போட்டுத் தடவிப் பாருங்கள். அரிசி அளவு பிசிறுகளை நைஸ் அரத்தால் தேய்த்து வழுவழுப்பாக்கலாம். மூன்று இறக்கையும் ஒரே வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக நல்ல இறக்கையையும் தேய்த்துக் குறைக்காதீர்கள். விரல் நுனி அளவு துண்டு போயிருந்தால் பட்டறைக்குப் போக வேண்டும். வளைந்த அலுமினிய இறக்கையைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறும். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே விழும், நடுக்கடலில் இறக்கை கழன்று போகும்.

வளைவு இறக்கையிலா, அச்சிலா? தட்டில் ஒரு பென்சிலைக் கட்டி, அதன் முனை இறக்கையின் ஓரத்தைத் தொடுகிற மாதிரி வையுங்கள். விசிறியைக் கையால் மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு இறக்கையும் பென்சிலிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று குறியுங்கள். ஒன்று மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகினால் அந்த இறக்கையிலும், அதற்கு நேரே அச்சு முனையிலும் குறி போடுங்கள். இப்போது விசிறியைக் கழற்றி, மூன்றில் ஒரு பங்கு சுற்று திருப்பி மாட்டி மறுபடி அளங்கள். விலகல் குறி போட்ட இறக்கையோடு நகர்ந்துவிட்டால் இறக்கை வளைந்திருக்கிறது. அச்சில் போட்ட குறிக்கு நேரே வந்த வேறு இறக்கை விலகினால் அச்சு வளைந்திருக்கிறது.

அச்சு வளைந்திருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டும், அது மெக்கானிக் வேலை. ஓட்டிக்கொண்டே இருந்தால் வளைந்த அச்சு சீலைத் தின்னும், சீல் போனால் உப்புத் தண்ணீர் உள்ளே போகும், அப்புறம் பேரிங்கும் கியரும் போகும். அச்சோடு முடிந்திருக்க வேண்டிய செலவு முழு கியர் பாக்ஸில் போய் நிற்கும்.

## அறிகுறி 4: கியர் ஆயில் பால் மாதிரி இருக்கிறது

விசிறிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு, அதனால் இங்கே சொல்கிறேன். தங்கூசியோ (தூண்டில் இழை) நைலான் நரம்போ விசிறிக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் சுற்றிக்கொண்டால் வெளியே தெரியாது. சூட்டில் இறுகிச் சீலை அறுக்கும். வலை விடும் கடலில் ஓடுபவர்கள் மாதம் ஒருமுறையாவது விசிறியைக் கழற்றி அச்சைப் பார்த்துவிடுங்கள். கால்மணி நேர வேலை.

சோதனை இதுதான். எஞ்சினை ஓர் இரவு நேராக நிற்க வைத்து, காலையில் கீழ்த் திருகை மெல்லத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர்த் துளி வந்தாலோ, ஆயில் பால் கலந்த டீ போல இருந்தாலோ சீல் போயிருக்கலாம். திருகின் கீழ் உள்ள வாஷர் நசுங்கியிருந்தாலும் கொஞ்சம் தண்ணீர் போகும். அதனால் வாஷரை மாற்றி, புது ஆயில் ஊற்றி, ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். ஊற்றும்போது கீழ்த்துளை வழியாக அழுத்தி, மேல்துளையில் வழியும் வரை ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைத்துக்கொள்ளும். புத்தகம் சொல்லும் ஆயிலையே போடுங்கள், பெரும்பாலும் எஸ்ஏஈ 90 கியர் ஆயிலாக இருக்கும். மறுபடியும் பால் நிறம் வந்தாலோ, பழைய ஆயிலில் உலோகச் செதில் கண்டாலோ கடலுக்குப் போகாமல் மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள்.

## அறிகுறி 5: கைப்பிடி ஒரு பக்கமாக இழுக்கிறது

சாயங்காலம் கரைக்கு வந்ததும் தோள் வலிக்கிறது என்பவர்களுக்கு இது. ஒருபக்கமே சுமை வைத்திருக்கிறீர்களா, எஞ்சின் பின்பலகையின் நட்டநடுவில் செங்குத்தாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் தட்டின் அடியில், விசிறிக்கு மேலே சின்ன மீன்துடுப்பு மாதிரி ஒன்று தொங்குகிறதா என்று பாருங்கள். எல்லா எஞ்சினிலும் இருக்காது. இருந்தால் அதன் போல்ட்டைத் தளர்த்தி, படகு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாக அதன் பின்முனையைச் சிறிது திருப்பி இறுக்குங்கள். படகு இடது பக்கம் போனால் பின்முனையை இடது பக்கம். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஓட்டிப் பாருங்கள். பல எஞ்சின்களில் அந்தத் துடுப்புதான் அரிப்பைத் தாங்கும் ஆனோடும்கூட. அதன் மேல் பெயிண்ட் அடித்தால் அது வேலை செய்யாது.

கியர் பாக்ஸின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கால்துடுப்பு பாரில் இடித்து உடைந்திருந்தாலும் இழுக்கும். அதை வெல்டு வைக்கலாம், ஆனால் அந்தச் சூடு சீலைக் கெடுக்கும். கியர் பாக்ஸைப் பிரித்து வைத்துச் செய்பவரிடம் மட்டும் கொடுங்கள்.

## அறிகுறி 6: அணியம் துள்ளுகிறது, அல்லது தண்ணீரைக் குத்துகிறது

இது பெரும்பாலும் டில்ட் பின் கதைதான். அணியம், அதாவது படகின் முன்முனை, மேலும் கீழும் துள்ளினால் பின்னைப் பின்பலகைப் பக்கமாக ஒரு துளை உள்ளே மாற்றுங்கள், எரிபொருள் கேனை முன்னால் நகர்த்துங்கள். அணியம் தாழ்ந்து தண்ணீரை வாரியடித்தால் ஒரு துளை வெளியே மாற்றுங்கள். ஓடும்போது தட்டு நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ இணையாக இருந்தால் சரியான துளையில் இருக்கிறது. ஒரு துளைக்கு மேல் ஒரே தடவையில் மாற்ற வேண்டாம்.

ரிவர்ஸ் போட்டதும் எஞ்சின் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது என்றால் டில்ட் லாக் லீவர் விழவில்லை. லீவர் விழுந்தும் தூக்கினால் கொக்கி தேய்ந்திருக்கும், அதை மாற்ற வேண்டும். ரிவர்ஸில் படகின் பின்பக்கம் இடது பக்கம் ஒதுங்குவது வலஞ்சுழி விசிறியின் இயல்பு, கோளாறு இல்லை. ஜெட்டியில் ஒதுக்கும்போது அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

## அறிகுறி 7: இறக்கையில் குழிகள்

குழி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முன்விளிம்பில் ஒரு பிசிறும், அதற்குச் சற்றுப் பின்னால் மட்டும் புள்ளி புள்ளியாகத் தின்றதும் இருந்தால், அந்தப் பிசிறின் பின்னால் தண்ணீர் குமிழியாகி வெடித்து உலோகத்தைக் கொத்தியிருக்கிறது. பிசிறைத் தேய்த்தால் மேலும் பரவாது. விசிறி முழுக்க, எஞ்சின் காலிலும் சேர்த்து, வெள்ளைப் பொடி பூத்துக் குழி விழுந்திருந்தால் அது உப்பு அரிப்பு. ஆனோடைப் பாருங்கள். பாதி கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஆனோடும் எஞ்சினும் தொடும் இடத்தில் துருவோ பெயிண்டோ இல்லாமல் சுரண்டி மாட்ட வேண்டும்.

## திரும்ப மாட்டும்போது

எந்த அறிகுறிக்காகக் கழற்றினாலும் மாட்டுவது ஒரே முறைதான். அச்சின் பற்களைத் துடைத்து, கடல் தண்ணீர் தாங்கும் கிரீஸைத் தாராளமாகப் பூசுங்கள். பூசாமல் மாட்டிய விசிறி உப்பில் இறுகி, அடுத்த முறை புல்லர் போட்டாலும் வராது. விசிறிக்கு முன்னால் வரும் தடித்த வாஷரின் சரிவான பக்கம் விசிறியைப் பார்த்து இருக்கட்டும். அதை மறந்து மாட்டினால் விசிறி கியர் பாக்ஸைத் தேய்க்கும். நட்டை இறுக்கி, துளைக்கு நேரே வந்ததும் ஸ்ப்ளிட் பின்னைப் போட்டு விரியுங்கள். பழைய பின்னை நிமிர்த்திப் போடாதீர்கள், அது உடைந்தால் நட்டும் விசிறியும் கடலுக்குள் போய்விடும். மாட்டி முடித்ததும் நியூட்ரலில் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கேயும் உரசாமல் சுற்றினால் படகை இறக்கி, முழுத் திராட்டிலில் சுற்றையும் வேகத்தையும் அளந்து, பழைய எண்ணுக்குக் கீழே தேதி போட்டு எழுதுங்கள்.